பிறிதொரு பூட்டின் வரைபடம்

மனிதன் கையாண்டுவரும் மருந்துகளுள் பெரும்பாலானவை எதிர்ப்பட்டபோது எடுத்துக்கொள்ளப்பட்டவை. சிங்கோனா மரத்தின் பட்டை காய்ச்சலைத் தணிப்பதைக் கண்டவர்களுக்கு மலேரியாக் கிருமியைப் பற்றி ஏதும் தெரியாது. பெனிசிலின், 1928ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிளெமிங்கின் ஆய்வுக்கூடத்தில், மூடாது கிடந்த ஒரு கண்ணாடித் தட்டில் தானே வந்து முளைத்த பூஞ்சையின் கொடை. மருந்து முதலில் கிட்டும். அது உடலில் எவ்வாறு வேலை செய்கிறது என்னும் விளக்கம் பல ஆண்டுகள் கழித்து வந்து சேரும். நெடுங்காலம் நிலவிய முறைமை இதுவே.

இம்முறைமையைத் தலைகீழாக்க முடியுமா? நோய்க்குக் காரணமான நொதியின் வடிவத்தை முதலில் அறிந்து, அதில் பொருந்தும் பொருளைத் தாளில் வரைந்து, பின்னர் ஆய்வுக்கூடத்தில் செய்துவிட முடியுமா? இவ்வினாவுக்கு 'முடியும்' என்று விடை கூறிய முதல் மருந்துகளுள் ஒன்றாகக் காட்டப்படுவது, 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற கேப்டோபிரில். உயர் இரத்த அழுத்தத்திற்குரிய மருந்து அது. நொதியின் அமைப்பை வழிகாட்டியாகக் கொண்டு செய்யப்பட்டது என்று நூல்கள் அதனைக் குறிக்கின்றன. அக்கூற்று உண்மையே. ஆயினும் அதில் ஒரு சிறு செய்தி விடுபட்டுப்போகிறது. அம்மருந்தைச் செய்தவர்கள் வழிகாட்டியாகக் கொண்ட அமைப்பு, அவர்கள் தடுக்க எண்ணிய நொதியின் அமைப்பு அன்று. அது வேறொரு நொதியின் அமைப்பு. தாங்கள் தடுக்க எண்ணிய நொதியின் வடிவத்தை அவர்கள் கண்டதே இல்லை. இவ்வரலாற்றின் சுவையும் படிப்பினையும் அவ்விடத்தில்தான் உள்ளன.

நொதி என்பது உடலில் நிகழும் வேதிவினைகளை விரைவுபடுத்தும் பொருள். அது தன் வினைக்குரிய பொருளைத் தேர்ந்து பற்றும் தன்மையை, பூட்டும் திறவுகோலும் போன்றது என்று 1894ஆம் ஆண்டிலேயே எமில் பிஷர் உவமித்தார். உவமை பிறந்தபோது பூட்டு எதனால் ஆனது என்பதுகூட உறுதிப்படவில்லை. 1926இல் ஜேம்ஸ் சம்னர் ஓர் அவரைவகை விதையிலிருந்து யூரியேசு என்னும் நொதியைப் படிகமாகப் பிரித்தெடுத்து, அது புரதமே என்று காட்டினார். அறிவியல் உலகம் அவரை உடனே நம்பிவிடவில்லை. அவருக்கு நோபெல் பரிசு வந்து சேர்ந்தது 1946இல். படிகம் கிடைத்த பின்னர் அதனூடே எக்ஸ்-கதிரைச் செலுத்தி, சிதறும் புள்ளிகளைக் கொண்டு அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிடும் முயற்சி தொடங்கிற்று. 1934இல் பெர்னாலும் டோரதி குரோபுட்டும் பெப்சின் படிகத்தின் தெளிவான எக்ஸ்-கதிர்ப் படத்தை எடுத்தனர். ஆனால் ஒரு நொதியின் முழு வடிவம் கண்முன் வர மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின. 1965இல் டேவிட் பிலிப்சும் அவர் குழுவினரும் இலண்டனில் முட்டை வெண்கருவிலுள்ள லைசோசைமின் வடிவத்தை வெளியிட்டனர். புரதச் சங்கிலி எவ்வெக் கோணங்களில் மடியலாம், எவற்றில் மடிய இயலாது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் இராமகிருஷ்ணனும் சசிசேகரனும் 1963இலேயே வரையறுத்திருந்தனர். அவர்கள் வரைந்த படத்தைக் கொண்டே இன்றும் புதிதாகக் கண்டறியப்படும் புரத வடிவங்கள் சரிபார்க்கப்படுகின்றன.

1967ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் லிப்ஸ்கோம்பின் குழு, மாட்டின் கணையத்திலிருந்து பெற்ற கார்பாக்சிபெப்டிடேசு ஏ என்னும் நொதியின் வடிவத்தைக் கண்டறிந்தது. புரதச் சங்கிலியின் கடைசி அமினோ அமிலத்தை வெட்டியெடுப்பது அதன் தொழில். 307 அமினோ அமிலங்களால் ஆன அந்த நொதியின் நடுவே ஒரு பள்ளம். பள்ளத்தில் ஒரு துத்தநாக அணு. சற்றுத் தள்ளி, சங்கிலியின் முனையைப் பற்றிக்கொள்ளும் நேர்மின்னூட்டம் உடைய ஓர் அமினோ அமிலம். இரத்த அழுத்தத்திற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. செரிமானத்திற்கு உதவும் ஓர் எளிய நொதி என்ற அளவில்தான் அது அன்று கருதப்பட்டது.

இரத்த அழுத்தத்தின் கதை வேறு திசையில் வளர்ந்துவந்தது. 1898இல் ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் ஆகிய இருவரும் முயலின் சிறுநீரகச் சாற்றை மற்றொரு முயலுக்குச் செலுத்த, அதன் இரத்த அழுத்தம் ஏறக் கண்டனர். அச்சாற்றிலிருந்த பொருளுக்கு ரெனின் என்று பெயரிட்டனர். அது பின்னர் ஏறத்தாழ மறக்கப்பட்டது. 1934இல் ஹாரி கோல்டுபிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனியை இறுக்கி உயர் அழுத்தத்தை உண்டாக்கிக் காட்டிய பின்னரே ஆய்வுலகம் மீண்டும் அப்பக்கம் திரும்பிற்று. ரெனினால் இரத்தத்தில் உண்டாகும் அழுத்தமேற்றும் பொருளை, அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்சில் ஒரு குழுவும் அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் மற்றொரு குழுவும் ஒருவரையொருவர் அறியாமல் கண்டுபிடித்தன. ஒரு குழு வைத்த பெயர் ஹைப்பர்டென்சின். மற்றது வைத்த பெயர் ஆஞ்சியோடோனின். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இரு பெயரும் வழங்கி, 1958இல் இரண்டையும் இணைத்து ஆஞ்சியோடென்சின் என்று உடன்பாடு கண்டனர். அறிவியலாரும் பெயருக்காக வாதிடுவர் என்பதற்கு இஃதொரு சான்று.

1956இல் லெனர்டு ஸ்கெக்சின் குழு மேலும் ஒரு நுட்பத்தைக் கண்டது. ரெனினால் முதலில் உண்டாகும் பொருள் பத்து அமினோ அமிலங்களால் ஆனது. அது பெரும்பாலும் வலுவற்றது. மற்றொரு நொதி அதன் வால்முனையில் இரண்டை வெட்டியெறிந்த பின் எஞ்சும் எட்டே இரத்தக் குழாய்களை இறுக்கி அழுத்தத்தை ஏற்றுகிறது. அவ்வாறு வெட்டும் நொதிக்கு ஆஞ்சியோடென்சின் மாற்றும் நொதி என்று பெயர். சுருக்கமாக இனி 'மாற்றும் நொதி' எனலாம். இந்நொதியைத் தடுத்தால் அழுத்தம் தணிய வேண்டும். எண்ணுவதற்கு எளிது, தடுக்கும் பொருள்தான் எவரிடமும் இல்லை.

அப்பொருள் பாம்பின் நஞ்சில் இருந்தது. பிரேசில் நாட்டில் ஜராராக்கா என்னும் குழிவிரியன் உண்டு. அதன் கடிபட்டோர்க்கு இரத்த அழுத்தம் சரிந்து விழும். அதன் நஞ்சைக் கொண்டு ஆராய்ந்த மவுரீசியோ ரோசா இ சில்வாவும் உடனாய்வாளர்களும் 1949இல் பிராடிகினின் என்னும் பொருளைக் கண்டனர். அது நஞ்சில் உள்ளதன்று. நஞ்சின் தூண்டுதலால் உடலே வெளியிடுவது. இரத்தக் குழாய்களை விரிப்பது. அவருடைய மாணவர் செர்ஜியோ பெரைரா, அதே நஞ்சில் பிராடிகினினின் ஆற்றலை மிகுவிக்கும் வேறொரு கூறு இருப்பதை 1965இல் அறிவித்தார். அக்கூற்றை எடுத்துக்கொண்டு அவர் இலண்டன் சென்று ஜான் வேனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். மாற்றும் நொதியின் வேலை பெரும்பகுதி நுரையீரலில் நடைபெறுவதை வேனும் உடனாய்வாளர் ஒருவரும் அக்காலத்தில் காட்டியிருந்தனர். அங்கேயே பணியாற்றிய பாக்லே என்பார், பெரைரா கொணர்ந்த நஞ்சுக் கூற்றை நாயின் நுரையீரலிலிருந்து எடுத்த நொதியின்மீது செலுத்திப் பார்த்தார். நொதி அடங்கிற்று. ஆண்டு 1968.

பிராடிகினினை அழிப்பதும் ஆஞ்சியோடென்சினை வலுப்படுத்துவதும் ஒரே நொதிதான் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. குழாயை விரிக்கும் பொருளைக் காப்பதும் இறுக்கும் பொருளைத் தடுப்பதுமாகிய இரண்டையும் அந்நஞ்சுக் கூறு ஒருங்கே செய்தது.

வேன் அக்காலத்தில் அமெரிக்காவின் ஸ்குவிப் மருந்து நிறுவனத்திற்கு அறிவுரைஞராக இருந்தார். அவர் தூண்டுதலால் நியூ ஜெர்சியிலிருந்த அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இருவர் இப்பணியில் இறங்கினர். ஒருவர் நொதியியலில் தேர்ந்த டேவிட் குஷ்மன். மற்றவர் அர்ஜென்டினாவில் பிறந்த வேதியியலார் மிகுவெல் ஒண்டெட்டி. நஞ்சிலிருந்த சிறு புரதத் துண்டுகளைப் பிரித்து அவற்றின் அமினோ அமில வரிசையை ஒண்டெட்டி கண்டறிந்தார். அவற்றுள் ஒன்பது அமினோ அமிலங்கள் உடைய ஒன்றைச் செயற்கையாகச் செய்தனர். டெப்ரோடைடு என்பது அதன் பெயர். 1970களின் தொடக்கத்தில் ஜான் லாரா முதலிய மருத்துவர்கள் அதனை நோயாளர்களுக்கு ஊசிவழிச் செலுத்தியபோது அழுத்தம் இறங்கிற்று. மாற்றும் நொதியைத் தடுத்தால் பயன் உண்டு என்பது மனித உடலிலேயே மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் டெப்ரோடைடை விழுங்கினால் பயனில்லை. வயிற்றிலுள்ள நொதிகள் அதனைச் சிதைத்துவிடும். வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டிய மருந்தை ஊசியாக யார் நாள்தோறும் போட்டுக்கொள்வார்? விழுங்கத்தக்க சிறு பொருளைத் தேடி, கைக்குக் கிட்டிய ஏறத்தாழ 2,000 வேதிப்பொருள்களைச் சோதித்துப் பார்த்தனர். ஒன்றும் தேறவில்லை. பழைய முறை அதன் எல்லையைத் தொட்டு நின்றது.

1974ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பற்றி உரையாடினர். அதனை முந்திய ஆண்டில் பையர்சும் வுல்பெண்டனும் எழுதியிருந்தனர். கார்பாக்சிபெப்டிடேசு ஏ நொதியைப் பென்சைல்சக்சினிக் அமிலம் என்னும் மிகச் சிறிய பொருள் வலுவாகத் தடுக்கிறது என்பது அதன் செய்தி. ஏன் தடுக்கிறது என்பதற்கு அவர்கள் தந்த விளக்கம்தான் அரிது. அந்நொதி ஒரு சங்கிலியை வெட்டும்போது இரு துண்டுகள் பிறக்கின்றன. வெட்டுண்டு விழுந்த கடைசி அமினோ அமிலம் ஒன்று. எஞ்சிய சங்கிலியின் புதிய முனையாகிய அமிலத் தொகுதி மற்றொன்று. இவ்விரண்டின் சாயலும் பென்சைல்சக்சினிக் அமிலத்தில் ஒரே உருவாய் இணைந்துள்ளன. அதன் ஒரு முனை, நேர்மின்னூட்டம் உடைய இடத்தைப் பற்றுகிறது. மறுமுனை துத்தநாகத்தைப் பற்றுகிறது. நடுவிலுள்ள வளையம் பள்ளத்தில் அமர்கிறது. வெட்ட வந்த கத்தியின் வாயில் வெட்ட முடியாத துண்டு ஒன்று சிக்கிக்கொண்டாற்போல நொதி செயலற்றுப் போகிறது.

மாற்றும் நொதியும் துத்தநாகம் உடையது. அதுவும் சங்கிலியின் வால்முனையில்தான் வெட்டுகிறது. இருவர்க்கும் தெரிந்திருந்தது இவ்வளவே. அதன் படிகம் இல்லை, படம் இல்லை, அமினோ அமில வரிசைகூட அன்று தெரியாது. ஆகவே ஒப்புமையைக் கொண்டு அவர்கள் ஒரு கற்பனைப் படம் வரைந்தனர். கார்பாக்சிபெப்டிடேசு ஓர் அமினோ அமிலத்தை வெட்டுகிறது. மாற்றும் நொதியோ இரண்டை வெட்டுகிறது. அங்ஙனமாயின், வால்முனையைப் பற்றும் இடத்திற்கும் துத்தநாகத்திற்கும் இடையிலுள்ள தொலைவு மாற்றும் நொதியில் ஓர் அமினோ அமில அளவு கூடுதலாக இருத்தல் வேண்டும். தடுக்கும் பொருளும் அந்த அளவு நீள வேண்டும். பிறிதொரு பூட்டின் வரைபடத்தை அப்படியே நகல் எடுக்காமல், எந்த அளவைக் கூட்ட வேண்டும் என்று கணித்தார்களே, அஃதே இவ்வரலாற்றின் உயிர்நாடி எனலாம். ஒப்புமை காண்பது எளிது. ஒப்புமை எவ்விடத்தில் முறிகிறது என்று காண்பது அரிது.

நீளத்தைக் கூட்ட எந்த அமினோ அமிலத்தைச் சேர்ப்பது? அதற்குப் பாம்பு முன்னரே விடை சொல்லியிருந்தது. டெப்ரோடைடின் கடைசி அமினோ அமிலம் புரோலின். எனவே சக்சினிக் அமிலத்தோடு புரோலினைச் சேர்த்து சக்சினைல்-புரோலின் செய்தனர். மாற்றும் நொதியை அது தடுத்தது. ஆனால் வலு மிகக் குறைவு. வேறொருவர் ஆயின் அவ்வலுக்குறைவைக் கண்டு கைவிட்டிருக்கவும் கூடும். கினிப்பன்றியின் குடல் துண்டில் வைத்துச் சோதித்தபோதோ, அது ஆஞ்சியோடென்சினின் முதல் வடிவத்தின் செயலைக் குறைத்தது. பிராடிகினினின் செயலை மிகுவித்தது. மற்றப் பொருள்களின் செயலில் தலையிடவில்லை. வலுவில்லாவிடினும் குறி தப்பவில்லை. அத்திறவுகோல் உரிய பூட்டிற்குள்தான் நுழைந்திருக்கிறது என்பதை உணர்ந்து அவர்கள் மேலே சென்றனர்.

அடுத்து, சங்கிலியில் தக்க இடத்தில் ஒரு மீத்தைல் தொகுதியைச் சேர்க்க வலு பெருகிற்று. இறுதியாகத் துத்தநாகத்தைப் பற்றும் முனையைக் கருதினர். அங்கிருந்த அமிலத் தொகுதியைவிடக் கந்தகம் துத்தநாகத்தை இறுகப் பிணிக்கும் என்பது வேதியியல் அறிந்த செய்தி. அமிலத் தொகுதியை நீக்கிக் கந்தகமும் ஐதரசனும் சேர்ந்த தொகுதியை வைத்தனர். வலு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு ஏறிற்று. அதுவே கேப்டோபிரில். ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன டெப்ரோடைடின் இடத்தில், ஒரு புரோலினும் சிறு வாலும் மட்டுமே உடைய எளிய பொருள் நின்றது. விழுங்கினாலும் அது வேலை செய்தது. இதற்காக அவர்கள் செய்து பார்த்தவை ஏறத்தாழ அறுபது பொருள்கள். எடுத்துக்கொண்ட காலம் ஒன்றரை ஆண்டு அளவே. முன்னர்ப் பயனின்றிப் போன 2,000 பொருள்களோடு இதனை ஒப்புநோக்குதல் தகும். 1977இல் 'சயின்ஸ்' இதழில் அவர்கள் தங்கள் கண்டுபிடிப்பை வெளியிட்டனர்.

மருந்து நோயாளரிடம் சென்றபோது குறைகளும் தெரிந்தன. தொடக்கத்தில் கொடுக்கப்பட்ட மிகுந்த அளவினால் சிலர்க்குத் தோலில் தடிப்பு உண்டாயிற்று. சிலர்க்கு நாவின் சுவை மங்கிற்று. அரிதாகச் சிலர்க்கு வெள்ளணுக்கள் குறைந்தன. எனவே முதலில் கடும் நோயாளர்க்கே அம்மருந்து அனுமதிக்கப்பட்டது. வலுவைத் தந்த கந்தகமே இத்துன்பங்களுக்கும் காரணம் என்று ஐயுற்ற மெர்க் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஆர்தர் பேச்செட்டின் தலைமையில், கந்தகத்தை நீக்கிவிட்டு மீண்டும் அமிலத் தொகுதிக்கே திரும்பினர். குறைந்துபோகும் வலுவை ஈடுசெய்ய, நொதியின் மற்றொரு பள்ளத்தில் அமரும் பகுதியைச் சேர்த்தனர். அவ்வாறு பிறந்தவை எனலாபிரிலும் லிசினோபிரிலும். இவ்வகை மருந்துகள் அனைத்திற்கும் பொதுவான வறட்டு இருமல் மட்டும் எஞ்சிற்று. பிராடிகினின் அழியாது தங்குவதே அதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

பயனோ பெரிது. 1987இல் வடக்கு ஐரோப்பிய நாடுகளில் கடும் இதயத் தளர்ச்சியால் வருந்திய 253 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்தது. எனலாபிரில் பெறாதவர்களுள் ஆறு திங்களுக்குள் 44 விழுக்காட்டினர் இறந்தனர். பெற்றவர்களுள் இறந்தவர் 26 விழுக்காட்டினர். இரத்த அழுத்தத்திற்கென்று செய்யப்பட்ட மருந்து, தளர்ந்த இதயத்தையும் தாங்கிற்று. நீரிழிவினால் சிறுநீரகம் பழுதுறுவதைக் கேப்டோபிரில் தாமதப்படுத்துகிறது என்பதும் 1993இல் நிறுவப்பட்டது.

குஷ்மனும் ஒண்டெட்டியும் 1999இல் லாஸ்கர் பரிசைப் பெற்றனர். தகுதியானவர்களே. ஆயினும் நஞ்சிலிருந்த கூற்றை முதலில் கண்டு கடல் கடந்து எடுத்துச் சென்ற பெரைராவின் பெயர் அப்பரிசில் இல்லை. 1982இல் வேன் நோபெல் பரிசு பெற்றதும் வேறொரு கண்டுபிடிப்பிற்காகவே. புரோலினில் முடியும் அந்நஞ்சுத் துண்டுகள் இல்லையேல், சக்சினிக் அமிலத்தோடு எதனைச் சேர்ப்பது என்று எவர் அறிந்திருப்பர்? நொதியின் அமைப்பு வழிகாட்டிற்று என்று கூறும் பாடநூல், பாம்பும் வழிகாட்டிற்று என்பதை ஒரு வரியிலேனும் சேர்த்துக் கூறுதல் நேர்மையாகும்.

மாற்றும் நொதியின் மெய்யான வடிவம் 2003ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரவி ஆச்சார்யாவும் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனைச் சேர்ந்த எட்வர்டு ஸ்டரக்கும் இணைந்து நடத்திய ஆய்வு அது. 'நேச்சர்' இதழில் வந்த அக்கட்டுரையின் முதல் ஆசிரியர் இராமநாதன் நடேஷ். நொதியினுள் லிசினோபிரில் அமர்ந்திருக்கும் நிலையையே அவர்கள் படம் பிடித்தனர். கேப்டோபிரில் கடைக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துப் பூட்டின் உட்புறம் தெரிந்தது.

அது கார்பாக்சிபெப்டிடேசு ஏ போல இல்லை. சங்கிலி மடிந்துள்ள முறையே வேறு. குஷ்மனும் ஒண்டெட்டியும் நம்பிய உறவு, முழு உருவத்தைப் பொறுத்தமட்டில் உறவே அன்று. ஆனால் அவர்கள் கணக்கில் கொண்ட இடங்களை மட்டும் நோக்கினால் வியப்பே மிஞ்சுகிறது. இரு நொதிகளிலும் துத்தநாகத்தைத் தாங்குபவை இரண்டு இஸ்டிடின்களும் ஒரு குளூட்டாமிக் அமிலமுமே. மருந்தின் ஒரு முனையிலுள்ள அமிலத் தொகுதி, அவர்கள் வரைந்தபடியே துத்தநாகத்தைப் பற்றியிருந்தது. புரோலின் பகுதியின் முனையைப் பற்ற நேர்மின்னூட்டம் ஒன்று இருத்தல் வேண்டும் என்று எண்ணினார்கள்; இருந்தது. கார்பாக்சிபெப்டிடேசில் அப்பணியைச் செய்வது ஆர்ஜினின், இங்கே லைசின். ஆளே மாறியிருந்தும் அலுவல் மாறவில்லை. ஒரே தொழிலைச் செய்யும் இரு நொதிகள், வெவ்வேறு வழியில் வந்தும் ஒரே வகைக் கருவியைக் கைக்கொண்டிருந்தன. அவ்விருவரும் உருவத்தை ஒப்பிடவில்லை, தொழிலை ஒப்பிட்டனர். படம் முழுவதும் ஒத்திருக்கும் என்று நம்பி இன்னும் பல நுணுக்கங்களைக் கடன் வாங்கியிருந்தால் வழிதவறியிருக்கவும் கூடும்.

மற்றொரு செய்தியையும் அவர்கள் அறிந்திருக்க வழியில்லை. உடலில் பரவலாகக் காணப்படும் மாற்றும் நொதியில் வெட்டும் இடங்கள் இரண்டு உண்டு என்பது 1988இல் அதன் அமினோ அமில வரிசை தெரிந்தபோதுதான் புலப்பட்டது. 2003இல் கண்டறியப்பட்ட வடிவம் அவற்றுள் ஒன்றனுடையது. மற்றதன் வடிவம் 2006இல் வந்தது. ஆஞ்சியோடென்சினை மாற்றுவதில் முதலாவது பகுதிக்கே பெரும்பங்கு. பிராடிகினினை அழிப்பதிலோ இரண்டு பகுதிகளும் ஈடுபடுகின்றன. கேப்டோபிரிலும் அதன் வழிவந்த மருந்துகளும் இரண்டையும் ஒருசேர அடைத்துவிடுகின்றன. முதலாவதை மட்டும் அடைத்து மற்றதைத் திறந்துவிட்டால், அழுத்தம் தணியும். பிராடிகினினும் அளவுக்கு மீறித் தேங்காது. இரு பள்ளங்களின் ஓரங்களிலும் அமைந்துள்ள அமினோ அமிலங்களுள் சிலவே தம்முள் வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டில் மட்டும் பிடித்துக்கொள்ளும் பொருள்களைச் செய்யும் முயற்சியில் ஆச்சார்யாவும் ஸ்டரக்கும் அதன்பின் ஈடுபட்டனர். இம்முறை அவர்கள் மேசைமீது விரிந்திருந்தது அந்நொதியின் சொந்தப் படமே.